தோட்டத்துல இருந்துகிட்டு சின்ன கொந்தராத்து வேல எடுக்க என்னென்ன லைசன்ஸ் வேணும்?

பொகவந்தலாவ பக்கம் ஒரு தம்பி கேட்டிருக்காரு. பன்னெண்டு வருஷம் கத்தார்ல மேசன் வேலையும் கொஞ்சம் வயரிங்கும் பாத்துட்டு ஊரோட வந்துட்டாராம், மூணு பையன்கள சேத்துகிட்டு வீடு, மதில், பாத்ரூம்னு சின்னச் சின்ன கொந்தராத்து, அதாவது ஒப்பந்த வேல, எடுக்கப்போறாராம். மாமா சொல்றாராம் பிரதேச சபையில போயி கொந்தராத்து லைசன்ஸ் ஒண்ண எடு போதும்னு, இன்னொருத்தர் சொல்றாராம் சீடாங்குற கட்டடத்துறை அதிகாரசபைப் பதிவு இல்லாம ஒரு கல்லு கூட வைக்கக்கூடாதுன்னு. எது சரி, பேர் போட்டு போர்ட் ஒண்ணு வச்சா பிரச்சின வருமான்னு கேக்குறாரு.

தம்பி, ரெண்டு பேரு சொல்றதும் பாதிதான் சரி. நான் அட்டன் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல இதே வேலதான், இந்த கொழப்பத்துல நானும் கெடந்து எந்திரிச்சவன்தான். முதல்ல ஒண்ண மனசுல வச்சுக்கங்க, கொந்தராத்து லைசன்ஸ்னு ஒரே ஒரு பேப்பர் நம்ம நாட்டுல கெடையாது. ஒவ்வொரு ஒபிஸும் வேற வேற கேள்விக்கு வேற வேற பேப்பர் தருது. டீ.எஸ். ஒபிஸ், அதாவது பிரதேச செயலகம், கேக்குறது ஒங்க தொழிலுக்கு என்ன பேருன்னு. சபை கேக்குறது எங்க எல்லைக்குள்ள தொழில் பண்றியே எங்களுக்கு வரி எங்கன்னு. சீடா கேக்குறது எவ்வளவு பெரிய வேலைய ஒன்னால தாங்க முடியும்னு. என்.வீ.கியூங்குற தொழில் தகைமைச் சான்றிதழ் கேக்குறது ஒன் கைக்கு வேல தெரியுமான்னு. இதுல ஒண்ணு இருக்குங்குறதுக்காக இன்னொண்ணு வேணாம்னு ஆகாது, அதே மாதிரி எல்லாருக்கும் எல்லாமும் தேவப்படுறதும் இல்ல.

பேர்ல இருந்து ஆரம்பிப்போம். ஒங்க சொந்தப் பேர்லயே வேல செஞ்சா வியாபாரப் பெயர் பதிவு தேவையில்ல, ஆனா ஏதோ ஒரு பேர் வச்சு கன்ஸ்ட்ரக்ஷன்னு போட்டா பதிஞ்சே ஆகணும், அதுக்குப் போக வேண்டிய எடம் ஒங்க பிரதேச செயலகம், சபை இல்ல. நெறைய பேரு இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு சபை வாசல்ல போயி நின்னு அர நாள் வேலய விட்டுட்டு வருவாங்க. கிராம சேவகர் உறுதிப்படுத்துன போம் (படிவம்), அடையாள அட்ட, அதோட தொழில் நடத்துற எடத்துக்கு ஒரு ஆதாரம், இவ்வளவுதான் விஷயம். ஆனா அந்த எடத்துக்கான ஆதாரத்துலதான் தோட்டத்து ஆளு மாட்டிக்குறான். டவுன்ல இருக்குறவனுக்கு வீட்டு வரி நம்பர் இருக்கு, காணி உறுதி இருக்கு, இல்லன்னா வாடகை ஒப்பந்தம் இருக்கு. லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, இருக்குறவனுக்கு என்ன இருக்கு? காணி அரசாங்கத்தோடது, 1992ல இருந்து நடத்துறது கம்பனி, நீங்க குடியிருக்குற காம்பராவுக்கு, அந்த ரூமுக்கு, ஒங்க பேர்ல ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. நான் முதல் தடவ போனப்ப தோட்டத்து தொரைகிட்ட, அதான் மேனேஜர்கிட்ட இருந்து கடிதம் வாங்கிட்டு வான்னாங்க, தொரை ஒபிஸ்ல லயத்துல கம்பனி நடத்த கடிதம் குடுக்க ஏலாதுன்னாங்க, இப்படியே ரெண்டு மாசம் ஓடிச்சு. கடைசியில பசார்ல ஒரு சொந்தக்காரர் கடைக்குப் பின்னால இருந்த சின்ன ரூம வாடகைக்கு எழுதிதான் பதிஞ்சேன். ஒங்களுக்கும் அதத்தான் சொல்வேன், கடிதத்துக்கு அலையாதீங்க, டவுன்ல ஒரு விலாசம் புடிங்க. இப்ப சில தோட்டங்கள்ல ஏழு பேர்ச் காணியில தனி வீடு கெடச்சவங்களுக்கு உறுதியும் குடுத்திருக்காங்க, அப்படி இருந்தா அது போதும். இன்னொரு விஷயம், போம் சிங்களத்துல மட்டும் நீட்டுனா வாங்கிட்டு முழிச்சிட்டு நிக்க வேணாம். அம்பகமுவ, நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவுகள் எல்லாம் ரெட்ட மொழிப் பிரிவுகள், தமிழ் போம் கேக்குறது ஒங்க உரிம, தயவா கேட்டாலே குடுப்பாங்க. கையோட வரி இலக்கம், அந்த டின் நம்பரையும் எடுத்து வச்சுக்கங்க.

இப்ப மாமா சொன்ன சபைக்கு வருவோம். முதல்ல ஒங்க சபை எதுன்னு சரியா பாருங்க. முந்தி எல்லாம் அம்பகமுவ பிரதேச சபைன்னு ஒண்ணே ஒண்ணு, இப்ப நோர்வூட், மஸ்கெலியா தனித்தனி, அந்தப் பக்கம் நுவரெலியாவ பிரிச்சு கொட்டகலை, அக்கரப்பத்தனை. அட்டன் டவுன் அட்டன்-டிக்கோயா நகர சபை. நீங்க ஒரு சபையில கட்டிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேல செஞ்சா அது வேற சபையா இருக்கும்.

சபையில வாங்குற காசுலயும் முக்கியமா ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு அனுமதிப்பத்திரம், அதாவது நெஜமான லைசன்ஸ், அது ஆபத்தான இல்லன்னா அக்கம்பக்கத்துக்கு தொந்தரவான தொழில் நடக்குற எடத்துக்கு. வெல்டிங் கடை, மர மெஷின், சீமெந்துக் கல் அறுக்குற எடம், கல் ஒடைக்கிற எடம் இதெல்லாம் அதுல வரும். இன்னொண்ணு வியாபார வரி, 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்துல இருக்கு, கொந்தராத்துக்காரர் வழக்கமா வர்றது இந்தப் பட்டியல்லதான். முந்தின வருஷ வருமானத்த வச்சு படிப்படியா போகும், பிரதேச சபைகள் வர்த்தமானியில போடுற அட்டவணையில மேல்படி வருஷ வருமானம் 150,000 ரூபாவுக்கு மேலன்னா 3,000 ரூபான்னு இருக்கும். இன்னைக்கு யாருக்குத்தான் வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல வராது, அதனால அந்த மேல்படிதான் ஒங்களுக்கும். இத எதுக்கு இவ்வளவு இழுத்து சொல்றேன்னா, சபையில ஆள் இருக்கு, லைசன்ஸ் எடுத்துத் தர்றேன், இருபத்தஞ்சாயிரம் குடுன்னு கேக்குற ஆளுங்க சபை வாசல் டீக்கடையிலயே ஒக்காந்திருப்பாங்க. ஷ்ரொப்ல, அதான் சபையோட காசு கவுண்டர்ல, காசு கட்டி ரசீது வாங்காத எதுவும் லைசன்ஸ் இல்ல. அந்த ரசீதும் அந்த வருஷ டிசம்பரோட முடிஞ்சிரும், ஜனவரியில திரும்பக் கட்டணும்.

சபையோட கான் (வடிகால்), படிக்கட்டு, கொங்கிரீட் ரோட்டு வேலைகள எடுக்கணும்னு ஆச இருந்தா வியாபார வரி ரசீது மட்டும் பத்தாது. வருஷக் கடைசியில சபைகளும் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) மத்த ஒபிஸ்களும் அடுத்த வருஷத்துக்கு வழங்குநர், ஒப்பந்தக்காரர் பதிவுன்னு விளம்பரம் போடும், ஒவ்வொரு எடத்துலயும் தனித்தனியா காசு கட்டி பதியணும், அந்தக் காசு திரும்பி வராது. எல்லா எடத்துலயும் பதிஞ்சு காச கொட்டாதீங்க, நீங்க நெஜமா வேல செய்யப் போற ரெண்டு எடம் போதும்.

சரி, சீடா. நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை, 2014ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்துல வந்தது, அதுக்கு முந்தி இக்டாட்னு இருந்துச்சு, பழைய ஆளுங்க இன்னமும் இக்டாட் கிரேட்னுதான் சொல்வாங்க. சீயோட நம்பர் போட்டுத் தருவாங்க, நம்பர் கூடக் கூட ஆளு சின்னவரு, சீ 9தான் அடிமட்டம், சீ 1 பெரிய ஆளு, அதுக்கும் மேல சீ.எஸ்.னு இருக்கு. ஒவ்வொரு கிரேடுக்கும் இவ்வளவு ரூபா வரைக்குமான வேலதான் எடுக்கலாம்னு எல்லை இருக்கு. கிரேட் ஒங்க ஆளுக்கு இல்ல, துறைக்கு. கட்டடத்துக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணு, தண்ணி வேலைக்கு ஒண்ணு, கட்டடத்துல சீ 7 இருக்குறவர் ரோட்டுல சீ 9ஆ இருக்கலாம். கரண்ட், மெஷினரி மாதிரி வேலைகளுக்கு ஈ.எம்.னு தனி வரிசை.

தனியார் வீடு கட்டுற ஆளு ஒங்ககிட்ட சீடா கேக்குறது நம்ம பக்கத்துல அபூர்வம், இதுதான் நெசம். அரசாங்க டெண்டர்னா வெளம்பரத்துலயே கட்டடம் சீ 8 அல்லது மேலன்னு போட்டிருப்பாங்க, இல்லன்னா ஒங்க கவர பிரிச்சுட்டு அப்படியே ஒதுக்கிருவாங்க. பெரிய பெரிய வேலைன்னா இன்னும் ஒண்ணு, 1987ஆம் ஆண்டு 3ஆம் இலக்க பகிரங்க ஒப்பந்தச் சட்டம், அம்பது லட்சத்துக்கு மேல போற அரசாங்க டெண்டருக்கு கம்பனிப் பதிவாளர்கிட்ட பதிஞ்சு பீ.சீ.ஏ. 3 பத்திரம் எடுத்து வைக்கணும், அது இல்லாம வெல கொறவா போட்டும் தோத்தவங்கள நான் பாத்திருக்கேன். ஒங்களுக்கு இப்போதைக்கு அது தூரம்.

சீ 9க்கு போடுறதுன்னாலும் வியாபாரப் பதிவு, பேங்க் கணக்கு விவரம், செஞ்சு முடிச்ச வேலைகளுக்கு ஆதாரம், மிக்ஸர், வைப்ரேட்டர் மாதிரி சாமான் விவரம், கிரேடுக்குத் தகுந்த டெக்னிகல் ஆளு, இதெல்லாம் கேப்பாங்க. மலைநாட்டுல நம்ம ஆளுங்க விழுறது வேல ஆதாரத்துல. பத்து வீடு கட்டியிருப்பான், ஒண்ணுக்கும் ஒரு துண்டு ஒப்பந்தம் இருக்காது, காசு எல்லாம் கையில வாங்கியிருப்பான். அதனால நீங்க முதல் பாத்ரூம் வேலயில இருந்தே ரெண்டு பக்கத்துல ஒப்பந்தம் எழுதுங்க, காச பேங்க்ல போடச் சொல்லுங்க, முடிஞ்சதும் வீட்டுக்காரர்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க, முன்ன பின்ன ஃபோட்டோ எடுத்து வைங்க. ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு சீடாவுக்கு போறப்ப இதுதான் ஒங்க சொத்து. கத்தார்ல செஞ்ச வேலைக்கு கம்பனி குடுத்த கடிதம் இருந்தா அதையும் வீசிராதீங்க, அது ஒங்க கொந்தராத்து அனுபவம் ஆகாது, ஆனா கீழ சொல்லப்போற என்.வீ.கியூவுக்கு ஒதவும்.

இதுல ஒரு பெரிய ஓட்டை, அத சொல்லாம போக மனசு வரல்ல. சீடா இல்லாதவன் இருக்குறவன்கிட்ட பேப்பர வாடகைக்கு வாங்குவான், நூத்துக்கு இவ்வளவுன்னு பேசி. நானும் ஒருத்தருக்கு குடுத்தேன், நல்ல பழக்கம், ஒரு பாடசாலைக் கட்டடத்துக்கு. அவரு அட்வான்ஸ எடுத்தாரு, ஃபவுண்டேஷன் போட்டாரு, அப்புறம் ஃபோன் எடுக்கல்ல. டெண்டர்ல இருந்தது என் பேரு, உத்தரவாத போண்ட் என் பேரு, கடிதம் எல்லாம் எனக்கு வந்துச்சு, எனக்குக் கெடச்ச லாபத்த விட அஞ்சு மடங்கு செலவழிச்சு அந்த வேலைய நானே முடிச்சுக் குடுத்தேன், முடிக்காம விட்டிருந்தா கறுப்புப் பட்டியல்தான். நீங்க வாங்குற பக்கம் இருந்தாலும் இதே கததான், நீங்க முதுகு ஒடிய செஞ்ச வேலைக்கு செக் இன்னொருத்தர் பேர்ல வரும், அனுபவமும் அவர் கணக்குலதான் சேரும். அதுக்குப் பதிலா தெரிஞ்ச சீ 6, சீ 7 ஆளுகிட்ட சப் கொந்தராத்தா எழுதி எடுங்க, அதுல அசிங்கம் ஒண்ணுமில்ல. கிராம அபிவிருத்திச் சங்கம், தோட்டத்து வீடமைப்பு கூட்டுறவுச் சங்கம் வழியா வர்ற வேலைகளும் இருக்கு, அதுல பாஸா, அதான் மேசனா, போயி நின்னாலும் ஒங்க கை வேல ஊருக்குத் தெரியும்.

என்.வீ.கியூ. நீங்க பன்னெண்டு வருஷம் செஞ்சிருக்கீங்க, திரும்ப வகுப்புல போயி ஒக்காந்து செங்கல் அடுக்கப் படிக்க வேண்டியதில்ல. ஆர்.பீ.எல்.னு ஒரு வழி இருக்கு, ஏற்கனவே தெரிஞ்ச வேலைய செஞ்சு காட்டி, செஞ்ச வேலைகளோட ஃபோட்டோ, கடிதம் எல்லாம் ஃபைலா குடுத்து சான்றிதழ் எடுக்குறது, தேசிய பயிலுனர் பயிற்சி அதிகாரசபையான நைட்டாவும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் இத பாத்துக் குடுக்குது. மேசனுக்கு எடுத்து வச்சா நல்லது. சீடாவும் தொழில் தெரிஞ்ச பாஸ்மாருக்கு அடையாள அட்ட குடுக்குது, அதுக்கும் இது ஒதவும்.

ஆனா வயரிங்குக்கு வேற கத. அங்க நல்லதுன்னு இல்ல, வேணும்னுதான் சொல்வேன். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு எலக்ட்ரீஷியன்களுக்கு லைசன்ஸ் குடுக்குது, என்.வீ.கியூ 3 அல்லது மேல இருக்கணும். கொஞ்சம் வயரிங் தெரியும்னு நீங்க எழுதுனீங்களே, அந்த கொஞ்சம்தான் எனக்கு பயம். நம்ம லயங்கள்ல ஒரு காம்பராவுக்கு வந்த லைன்ல இருந்து மூணு காம்பராவுக்கு இழுத்து, ட்ரிப் ஸ்விட்ச் இல்லாம, எர்த் இல்லாம, மேல தகரம். மழ நாள்ல சுவத்துல கை வச்சா சுருக்குன்னு இழுக்கும், அது சாதாரணம்னு பழகியே போச்சு நமக்கு. நீங்க பேப்பர் எடுக்குற வரைக்கும் வயரிங்க லைசன்ஸ் உள்ள ஒருத்தருக்கு குடுத்துட்டு கூட நின்னு பாருங்க, புது கனெக்ஷன் எடுக்குறப்ப வயரிங் சரின்னு டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேப்பாங்க. சொக்கட் எல்லாம் இப்ப 13 அம்பியர் சதுரக் கால்தான் நாட்டுக்கே ஸ்டாண்டர்ட், கத்தார்ல பழகுன அதே சாமான். கடையில வட்டக் கால் மலிவா கெடைக்குதுன்னு வாங்காதீங்க. ட்ரிப் ஸ்விட்ச் 30 மில்லி அம்பியர்.

இப்ப நீங்க கேக்காத விஷயம், ஆனா மலையில கொந்தராத்து எடுக்குறவன முடிச்சு விடுறது இதுதான். கட்டட அனுமதி வீட்டுக்காரர் எடுக்க வேண்டியது, ஒங்க பேப்பர் இல்ல, சரிதான், ஆனா அனுமதி இல்லாம வேல நடந்து சபை நிப்பாட்டுனா நடுவுல நிக்கிறது நீங்களும் ஒங்க பையன்களும்தான். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, இன்னும் கீழ களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, இந்தப் பத்து மாவட்டம் மண்சரிவு மாவட்டங்கள், அங்க ஆபத்தான எடங்கள்ல கட்டுறதுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், என்.பீ.ஆர்.ஓ.ன்னு சொல்றமே, அவங்க சிபாரிசு எடுக்கணும்னு 2011லயே சுற்றறிக்கை வந்திருக்கு. கொஸ்லந்தை மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29 காலையில லயம் லயமா மண்ணுக்குள்ள போனத நம்ம ஆளுங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

அந்த சிபாரிசு கடிதத்த வீட்டுக்காரர் ஃபைல்ல வச்சு பூட்டிருவாரு, நீங்க கேட்டு வாங்கி படிங்க. சும்மா கட்டலாம்னு மட்டும் எழுதியிருக்காது, எத்தன மாடி, மண்ண எவ்வளவு ஒசரத்துக்கு வெட்டலாம், எங்க ரிட்டேனிங் வோல் வேணும், தண்ணிய எந்தப் பக்கம் திருப்பணும்னு நிபந்தனை இருக்கும், அது அப்படியே ஒங்க எஸ்டிமேட்ல ஏற வேண்டிய காசு. தலவாக்கலைப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் அனுமதி எல்லாம் இருக்கு நீங்க ஆரம்பிங்கன்னாரு, ஒரு ப்ளேனும் காட்டுனாரு, முத்திரை எல்லாம் இருந்துச்சு, நானும் மண் வெட்டுற பெக்கோவ எறக்கி பின்பக்கம் பதினாலு அடி நேரா வெட்டிட்டேன். ஜூன் மாசம். மூணு நாள் விடாம பேஞ்சதுல மேல இருந்த கருப்பந்தைலம் மரத்தோட மண்ணு முழுக்க எறங்கி ரோட்ட மூடிருச்சு, நல்ல வேளையா நடு ராத்திரி, ஆளு யாரும் இல்ல. சபை ஆளு வந்து பாத்தப்பதான் தெரியுது, முத்திரை இருந்தது பழைய வீட்டோட காலாவதியான ப்ளேன்னு. மண்ண அள்ளுன பெக்கோ கூலி என் தலையில. அதுக்கப்புறம் நான் அனுமதி நம்பரையும் திகதியையும் என் கண்ணால பாக்காம மம்பட்டிய கூட எறக்குறதில்ல.

ரபல் மதில், அதாவது கருங்கல் மதில், கட்டுறப்ப பின்னால கல்லு நெரப்பி, தண்ணி வடியுற பைப் வச்சு, மேல கான் வெட்டி விடுங்க. மதில தள்ளுறது மண்ணு மட்டும் இல்ல, உள்ள தேங்குற தண்ணிதான், கத்தார் பாலைவனத்துல ஒங்களுக்கு இந்தப் பாடம் கெடச்சிருக்காது.

வெட்டுன மண்ண வெளிய கொண்டு போறதுக்கும், மணல் ஏத்துறதுக்கும் புவிச்சரிதவியல் சுரங்கப் பணியகத்தோட பேர்மிட் வேணும், டிப்பர்காரர்கிட்ட இருக்கான்னு கேட்டுட்டு ஏத்துங்க, வழியில புடிச்சா சாமான் ஒங்களோடது. தோட்டத்து லயத்துல ஒரு காம்பராவ இழுத்துக் கட்டுற வேல வந்தா, நிர்வாகத்தோட எழுத்துல அனுமதி இல்லாம தொடாதீங்க, சொந்தக்காரர் வீடா இருந்தாலும் சரி. கண்டி பழைய டவுனுக்குள்ள வேல வந்தா அது 1988ல இருந்து உலக மரபுரிமை நகரம், அங்க ஒரு கதவ மாத்துறதுக்கும் தனியா கேக்கணும், ஆரம்பத்துல அந்தப் பக்கம் போகாதீங்கன்னுதான் சொல்வேன்.

மூணு பையன்கள் இருக்காங்கன்னீங்க. நாள் சம்பளம்தானேன்னு நெனைக்காதீங்க, ஒரு ஆள் இருந்தாலும் சேமலாப நிதி கட்டணும், நீங்க நூத்துக்கு 12, அவங்க சம்பளத்துல 8, அதோட நம்பிக்கை நிதிக்கு நீங்க 3. அதோட வேலையாட்களுக்கு விபத்துக் காப்புறுதி ஒண்ணு. நம்ம பக்கம் எல்லாரும் தட்டிக் கழிக்கிறது இதத்தான், மூணாவது மாடி சாரத்துல இருந்து ஒரு பையன் விழுந்தா, நஷ்டஈட்டுச் சட்டம் 1934ல இருந்தே இருக்கு, ஒங்க வீட்ட வித்துதான் கட்டணும். அரசாங்க வேலைக்குப் போறப்ப இந்த ரெண்டுக்கும் எப்படியும் பேப்பர் கேப்பாங்க.

ஒங்க நெலமைக்கு நானா இருந்தா, இந்த மாசம் டவுன்ல விலாசம் புடிச்சு பேர பதிவேன், சபையில வியாபார வரி கட்டுவேன், மேசனுக்கும் வயரிங்குக்கும் ஆர்.பீ.எல். போம் போடுவேன், சீடாவ கையில மூணு நாலு ஒப்பந்தம் சேந்த பெறகு பாப்பேன். சபைக்குப் போறப்ப டீ.ஓ., அந்த டெக்னிகல் ஒபிசர், ஒபிஸ்ல இருக்குற நாள ஃபோன்ல கேட்டுட்டு போங்க, மத்த நாள் அவரு வெளிய எங்கயாவது டேப்ப புடிச்சிகிட்டு நிப்பாரு.

போர்ட் தாராளமா வைங்க. பேரு, ஃபோன் நம்பர், மேசன் வேலைன்னு எழுதுங்க. ரோட்டோரம் நட்டா சபைக்கு அதுக்கும் ஒரு சின்னக் கட்டணம் இருக்கும், கட அளவுல சுவத்துல அடிச்சாலும் கேட்டுட்டு அடிங்க. எல்லாரும் போடுறாங்களேன்னு அரசாங்க அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரர்னு மட்டும் எழுதிராதீங்க, சீடா நம்பர் வந்தா அந்த நம்பரையே எழுதலாம், அதுக்கு கீழ்ப்பக்கம் ஒரு வரி காலியா விட்டு வச்சுருங்க.